கல்லாவில் காசு, கையில் காணோம்

கே: எதிர்க்கடையில் டீ 12 ரூபாய். பால் விலை ஏறிவிட்டதால் நான் 15 ஆக்கலாம் என்றிருக்கிறேன். ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டால்? (டீக்கடைக்காரர், திண்டுக்கல்)

ப: எல்லாரும் போக மாட்டார்கள். எத்தனை பேர் போனால் தாங்கும் என்பதை மட்டும் பாருங்கள். பால், தூள், சர்க்கரை, கேஸ் சேர்த்து ஒரு டீக்கு 8 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு விற்றால் 4 நிற்கும். 300 டீக்கு 1,200. 15-க்கு விற்றால் 7 நிற்கும். அதே 1,200-க்கு 172 டீ போதும். ஆக, 128 பேர் கோபித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, கழுவ வேண்டிய கிளாஸ்தான் குறையும். ஒரே எச்சரிக்கை: டீக்குப் போகிறவர் வடையையும் அங்கேதான் சாப்பிடுவார். வடையில் நிற்கும் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போர்டை மாற்றுங்கள்.

எதிர்க்கடைக்காரர் இருப்பது சொந்தக் கட்டடமா, வீட்டில் கறவை மாடு நிற்கிறதா என்றும் விசாரியுங்கள். அவர் விலையைக் காப்பியடிக்கலாம், மாட்டைக் காப்பியடிக்க முடியாது.

கே: வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிலோ 50 ரூபாய். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போக கிலோவுக்கு 18 ரூபாய் நிற்கிறது. தினம் 40 கிலோ அரைக்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருப்பதில்லை. காசு எங்கேதான் போகிறது? (மாவுக்கடை அக்கா, தேனி)

ப: அக்கா, 18-ஐ 40-ஆல் பெருக்கி 720 என்று மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அங்கேதான் கோளாறு. தினமும் 40 கிலோவும் விற்கிறதா? மூன்று கிலோ புளித்துப்போகிறது என்று வைப்போம். அப்படியானால் விற்றது 37. அதில் நிற்பது 666. புளித்த மூன்றுக்கும் போட்ட 32 ரூபாய் முதல் போச்சு, அது 96. மிச்சம் 570. மாதத்துக்கு 17,100. மகன் வண்டியில் கடை கடையாக மாவு கொண்டுபோய்ப் போடுகிற பெட்ரோல் 1,500. கிரைண்டர் கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, நாளைக்குப் புது கிரைண்டர் வாங்க எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்து 1,000. ஆக 14,600.

இப்போது கடைசிக் கேள்வி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஊறவைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு, கழுவி வைக்கிற ஆளுக்குச் சம்பளம் என்ன? இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் நாளைக்கு 500 கேட்பார், மாதம் 15,000. கடை சம்பாதித்துக் கொடுத்ததோ 14,600. அதாவது முதலாளி அம்மா வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளத்தில் 400 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார், இரண்டும் நீங்களே என்பதால் சண்டை வரவில்லை. நம் ஊரில் பாதிக் கடைகள் இப்படித்தான் ஓடுகின்றன. லாபம் என்று நாம் சொல்வது வீட்டாரின் கொடுக்கப்படாத கூலி.

விலையை 54 ஆக்கினால், விற்பனை குறையாத பட்சத்தில், மாதம் 4,440 கூடும். ஆனால் அதற்கு முன் அந்த மூன்று கிலோவைக் கவனியுங்கள். முதல் நாள் ராத்திரியே கடைக்காரர்களிடம் ‘நாளைக்கு எவ்வளவு?’ என்று கேட்டு அந்த அளவு மட்டும் அரைத்தாலே 2,880 மிச்சம். யாரிடமும் விலை ஏற்றிக் கேட்டு முகச்சுளிப்பு வாங்க வேண்டாம். அரை கிலோ பாக்கெட்டை 25-க்குக் கொடுக்காதீர்கள், 28 போடுங்கள். கவரும் கட்டுகிற வேலையும் அரை கிலோவுக்குப் பாதியாவதில்லை. அப்புறம், வீட்டு இட்லிக்கு எடுக்கிற மாவையும் நோட்டில் எழுதுங்கள். கணக்கில் தப்பிய இட்லி எல்லா வீட்டிலும் உண்டு.

கே: சொந்தக்காரர்கள் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, ‘நமக்குள்ள என்ன’ என்கிறார்கள். என்ன செய்ய? (தையல்காரர், கும்பகோணம்)

ப: ‘நமக்குள்ள என்ன’ என்றால், ‘லைனிங் துணி, ஹூக், நூல், 350 ரூபாய்’ என்று பதில் சொல்லுங்கள். குறைத்தே ஆக வேண்டியவர் என்றால் பில்லில் முழுத் தொகையை எழுதி, கீழே கழிவைக் காட்டி, மிச்சத்தை வாங்குங்கள். எழுதாமல் குறைத்தால் குறைத்த விலையே உங்கள் விலை என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள், அதுவும் பெருமையாக.

கே: நான் 25 சதவீதம் லாபம் வைத்து விற்கிறேன். ஆடிக்கு 20 சதவீதம் தள்ளுபடி போட்டால் 5 சதவீதமாவது நிற்குமல்லவா? (ஜவுளிக்கடை, ஈரோடு)

ப: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் ஐந்து சதவீதம் எம்மாத்திரம்! 100 ரூபாய் சேலைக்கு 25 வைத்து 125-க்கு விற்கிறீர்கள். தள்ளுபடி 20 சதவீதம் என்றால் 125-ல் 20 சதவீதம், அது 25. வாங்கின விலைக்கே கொடுக்கிறீர்கள். வாடகையும் ஏசி கரண்ட் பில்லும் கைக்காசு. அடக்கவிலை மேல் வைக்கிற 25, விற்கிற விலையில் பார்த்தால் 20-தான். இந்த ஒரு இடத்தில் வழுக்கி விழுந்த கடைகள் ஏராளம்.

பெரிய கடைகள் ஆடியில் கொட்டிக் கொடுக்கின்றனவே என்பீர்கள். அங்கே ஆடிக்கென்றே மொத்தமாக, மலிவாகக் கொள்முதல் செய்த சரக்கு முன்னால் கிடக்கும். புதுச் சரக்கு மாடியில் முழு விலையில் இருக்கும். நீங்கள் கடை முழுவதுக்கும் போர்டு மாட்டுகிறீர்கள். போன தீபாவளிக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் கிடக்கிறதே, அந்தச் சரக்குக்கு மட்டும் தள்ளுபடி போடுங்கள், 30 கூடப் போடுங்கள். அது முடங்கிய பணம்; வெளியே வந்தால் சரி. நன்றாக ஓடுகிற சரக்கில் கை வைக்காதீர்கள். 80-க்கு வாங்கி 100-க்கு விற்பதைப் பத்து சதவீதம் குறைத்தால், பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். ஆடியில் கூட்டம் இரண்டு மடங்கு வரலாம், பில் போடுகிற பையன் ஒருவன்தானே இருக்கிறான்.

கே: கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு கேட்கிறார்கள். கொடுத்தால் நஷ்டம், கொடுக்காவிட்டால் முகச்சுளிப்பு. (காய்கறிக்கடை, விழுப்புரம்)

ப: கறிவேப்பிலை கொடுங்கள், அது உங்கள் விளம்பரச் செலவு. ஆளுக்கு ஒரு ரூபாய் என்றால் நூறு பேருக்கு நூறு, மாதம் 3,000. அதைத் தக்காளி, வெங்காய விலையில் முன்னமே ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுக்கலாம். கொத்தமல்லி கட்டு விலை ஏறின நாளில் அதைப் பையிலேயே போடாதீர்கள், தராசுக்குப் பின்னால் வையுங்கள். கண்ணில் படாததை யாரும் கொசுறு கேட்பதில்லை.

கே: ‘போணி பண்ணுங்க’ என்றால் அதையே பிடித்துக்கொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார் ஒருவர். தினமும் காலையில் முதல் ஆளாக வருகிறார். (பாத்திரக்கடை, மதுரை)

ப: தினமும் வருகிறாரா? அண்ணே, அவர் வாடிக்கையாளர் இல்லை, முதல் போடாத பங்காளி. நாளைக்கு அவர் வருவதற்குள் பக்கத்துக் கடைப் பையனுக்கு ஒரு கரண்டி விற்றுப் போணியை முடித்துவிடுங்கள்.

கே: திருப்பூரில் சின்ன யூனிட். ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறோம். பில் கொடுத்தால் 90 நாள், சில சமயம் அதற்கும் மேல் இழுக்கிறார்கள். பீஸ் ரேட்டையும் குறைக்கச் சொல்கிறார்கள். ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் ஒத்துக்கொள்கிறேன். சரியா? (பெயர் வேண்டாம்)

ப: பீஸ் ரேட்டைக் குறைப்பது கண்ணுக்குத் தெரிகிற வெட்டு. 90 நாள் என்பது தெரியாத வெட்டு, அதுதான் ஆழம். லட்ச ரூபாய் பில்லில் உங்களுக்கு நிற்பது 8,000 என்று வைப்போம். மிச்சம் 92,000 கூலி, நூல், கரண்ட் என்று நீங்கள் முன்னமே கொடுத்த பணம். வாராவாரம் சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் நிற்காது, அவர்கள் 90 நாள் காத்திருக்க மாட்டார்கள். ஆக வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறீர்கள். மூன்று மாத வட்டி 5,520. உங்களுக்கு மிச்சம் 2,480. பார்ட்டிக்குத் துணியும் தைத்துக் கொடுத்து, வட்டியில்லாக் கடனும் கொடுக்கிறீர்கள். வங்கிகள்கூட இவ்வளவு தாராளமில்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரியிலும் ஒரு கிடுக்கிப்பிடி வந்தது: அந்தக் கெடுவுக்குள் பணத்தைக் கொடுக்காதவர், உண்மையில் கொடுக்கிற வருஷம் வரை அந்தத் தொகையைத் தன் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. இவை எல்லாம் கைக்கு வர உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். இன்றைக்கே செய்யுங்கள், எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள்.

‘சட்டம் பேசினால் ஆர்டர் கட்’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். இருக்கிற ஒரே பார்ட்டி மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை. அதனால் ரேட் பேச உட்காரும்போது இரண்டு ரேட் சொல்லுங்கள்: 30 நாளில் பணம் என்றால் பீஸுக்கு இவ்வளவு, 90 நாள் என்றால் அதற்கு மேல் நூற்றுக்கு நாலு. அவர் கணக்குப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மறுக்க வார்த்தை கிடைக்காது. இன்னொரு பக்கம் இரண்டாவது பார்ட்டியைத் தேடுங்கள், சின்ன ஆர்டராக இருந்தாலும். ‘முடியாது’ என்று சொல்லத் தைரியம் வருவது மனதிலிருந்து இல்லை, இரண்டாவது பார்ட்டியின் ஆர்டரிலிருந்து.

கே: கூல் டிரிங்க்ஸுக்கு எம்ஆர்பிக்கு மேல் இரண்டு ரூபாய் ‘கூலிங் சார்ஜ்’ வாங்கலாமா? ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் ஆகிறதே. (மளிகைக்கடை, தூத்துக்குடி)

ப: கூடாது அண்ணாச்சி. அச்சடித்த விலை எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் 2011-லிருந்து இருக்கின்றன, மீறினால் அபராதம். இரண்டு ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஆயிரங்களில் கட்டுவதற்கு ஃபிரிட்ஜை அணைத்துவிடலாம்.

கம்பெனிச் சரக்கில் நூற்றுக்கு எட்டுதான் நிற்கிறது என்று எல்லா அண்ணாச்சிகளும் அலுத்துக்கொள்வது தெரியும். எட்டு குறைச்சலில்லை, அது எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று பாருங்கள். 10,000 ரூபாய்க்குப் பிஸ்கட்டும் சோப்பும் எடுத்து வாரத்தில் தீர்ந்தால் 800. மாதத்தில் நாலு சுற்று, 3,200. அதே 10,000-க்கு 30 சதவீதம் நிற்கிற ஃபேன்சி டப்பாக்களை வாங்கி அடுக்கி ஆறு மாதம் தூசி தட்டினால் 3,000. ஆறு மாதத்துக்கு! சதவீதத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை.

கே: 99, 199 என்று விலை போட்டால் உண்மையிலேயே விற்குமா? (செருப்புக்கடை, ஆம்பூர்)

ப: பாட்டா காலத்திலிருந்து விற்கிறது. முன்பு ஒரு ரூபாய் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்துச் சமாளித்தோம், இப்போது யுபிஐ வந்து அந்தத் தொல்லையும் போயிற்று. ஆனால் மலிவு என்று காட்ட வேண்டிய சரக்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். 2,000 ரூபாய் தோல் செருப்பை 1,999 என்றால் அதன் கம்பீரம் போய்விடும். டாக்டர் 499 ரூபாய் ஃபீஸ் என்று போர்டு வைத்தால் உள்ளே போவீர்களா?

கே: உணவு டெலிவரி செயலியில் ஆர்டர் குவிகிறது. மாஸ்டருக்கு மூச்சு விட நேரமில்லை. கல்லாவில் மட்டும் மாற்றமே இல்லை. (பிரியாணிக்கடை, சென்னை)

ப: ஒரு 100 ரூபாய் பிரியாணியைப் பின்தொடர்ந்து போவோம். உங்கள் தலையில் விழுகிற கூப்பன் கழிவு 10; மிச்சம் 90. கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 22.50 (உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை). அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4.05. நீங்கள் 5 சதவீத வரியில் இருக்கிற உணவகம் என்பதால் இந்த நாலு ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது, போனது போனதுதான். இப்போது 63.45. டப்பா, கவர், ஸ்பூன், தயிர்ப்பச்சடிக் கிண்ணம் 8. மிச்சம் 55.45. அரிசி, கறி, எண்ணெய் 45. உங்களுக்கு 10 ரூபாய் 45 காசு. அதிலிருந்துதான் மாஸ்டர் சம்பளமும் வாடகையும். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் 55 நின்றது.

செயலியை விட்டு ஓடச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குமேல் அடுப்பு சும்மா இருக்கிற நேரத்தில் பத்து ரூபாயும் காசுதான். சனி, ஞாயிறு மத்தியானம் கடைவாசலில் ஆள் நிற்கும்போது பத்து ரூபாய் ஆர்டருக்காக 55 ரூபாய் ஆளைக் காக்க வைக்கிறீர்களே, அதுதான் தப்பு. அந்த இரண்டு மணி நேரம் செயலியை அணைத்து வையுங்கள். மிச்ச நேரத்துக்குச் சரக்குச் செலவு குறைந்த அயிட்டங்களை மேலே ஏற்றுங்கள். எலுமிச்சை சாதத்தில் நிற்பது மட்டன் பிரியாணியில் நிற்காது.

கே: ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். ஒரு சதவீத வரியைப் பில்லில் தனியாக வாங்கலாமா? (ஹார்டுவேர் கடை, நாமக்கல்)

ப: வாங்கக் கூடாது, உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டும். ஒன்றுதானே என்று அலட்சியம் வேண்டாம், அது லாபத்தில் ஒன்று இல்லை, விற்பனையில் ஒன்று. பத்து சதவீதம் நிற்கிற கடைக்கு லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்ப எடுக்க முடியாது. அதையும் அடக்கவிலையில் சேர்த்தே விலை போடுங்கள். பில் கேட்டு வரியைக் கழித்துக்கொள்கிற கான்ட்ராக்டர்கள் உங்களிடம் அதிகம் வந்தால், அவர்களுக்கு உங்கள் பில்லால் பிரயோஜனமில்லை. இந்தத் திட்டத்திலேயே இருப்பதா என்று ஆடிட்டரிடம் பேசுங்கள்.

கே: கல்யாண போட்டோ எடுக்கிறேன். புதிதாக வந்தவர் 30,000-க்கு எடுத்துக் கொடுக்கிறார். நானும் இறங்கி வரட்டுமா? (சேலம்)

ப: இறங்குவதற்கு முன் தரை எங்கே என்று பாருங்கள். வருஷத்தில் 12 மாதம் சாப்பிடுகிறோம், கல்யாணம் 12 மாதமும் நடப்பதில்லை. ஆடி போச்சு, மார்கழி போச்சு, நடுவில் முகூர்த்தமில்லாத வாரங்கள் போச்சு. 40 கல்யாணம் கிடைக்கிறது என்று வைப்போம். வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் வருஷம் 4,80,000. கேமரா, லென்ஸ், கம்ப்யூட்டர் நாலு லட்சம் ஐந்து வருஷம் உழைக்கும், வருஷத்துக்கு 80,000. ஸ்டுடியோ வாடகை 96,000. ஆக 6,56,000, நாற்பதால் வகுத்தால் 16,400. அதோடு உதவிக் கேமராமேன், ஆல்பம், பெட்ரோல் 18,000. உங்கள் தரை 34,400. 30,000-க்கு ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு கல்யாணத்திலும் நீங்கள் 4,400 ரூபாய் மொய் எழுதுகிறீர்கள். மொய் நோட்டில் பேர்கூட வராது.

மூன்று பேக்கேஜ் வையுங்கள்: 38,000, 55,000, 90,000. பெரும்பாலும் நடுவிலிருப்பதைத்தான் எடுப்பார்கள். கடைசியில் உள்ளதை யாரும் எடுக்காவிட்டாலும் 55-ஐ நியாயமான விலையாகக் காட்டுகிற வேலையை அது செய்யும். ஊரில் எல்லா மண்டபமும் நிறைந்திருக்கிற வளர்பிறை முகூர்த்தத்துக்கு ஒரு பைசா குறைக்காதீர்கள். அன்றைக்கு அந்த 30,000 காரரும் பிஸி.

கே: மூலிகைப் பொடி 250 கிராம் டப்பா 200 ரூபாய். நல்ல சரக்கு, யாரும் வாங்கிப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள். (கடலூர்)

ப: உங்கள் ஊர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு தொடங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகவே ஊர் ஊராக விற்றார். அவருக்கு முன்பே அவர் அப்பா சின்னி கிருஷ்ணன் அதற்கு வழி போட்டிருந்தார். கடலூரில் இருந்துகொண்டு டப்பாவைப் பிடித்துத் தொங்கலாமா? 10 கிராம் 10 ரூபாய் என்று போடுங்கள். கவர், சீல் செலவுபோக இதில் லாபம் சொற்பம், பரவாயில்லை. வாங்கிப் பார்த்தவர் டப்பாவுக்கு வருகிறாரா என்று கவனியுங்கள். மூன்று மாதமாகியும் பொட்டலமே விற்று டப்பா நகரவில்லை என்றால் பொட்டல விலையை 12 ஆக்குங்கள். அப்போது அதுதான் உங்கள் வியாபாரம்.

கே: மெஸ் நடத்துகிறேன். சாப்பாட்டு விலையை ஏற்ற வேண்டும். எப்படிச் சொல்வது? (திருச்சி)

ப: ‘தவிர்க்க முடியாத காரணத்தால் விலை உயர்வுக்கு வருந்துகிறோம்’ என்று கருப்புக் கட்டம் போட்ட போர்டு மட்டும் வேண்டாம், யாரோ போய்விட்டார்கள் என்று நினைப்பார்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறுகிறது. நீங்கள் மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே நாளில் 20 ரூபாய் ஏற்றுகிறீர்கள், அதுதான் வலிக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஏற்றுகிற வாரத்தில் கூட்டை மாற்றுங்கள், அப்பளத்தை நிறுத்தாதீர்கள். விலை ஏறினதை மன்னிக்கிற வாடிக்கையாளர் அப்பளம் காணாமல் போனதை மன்னிப்பதில்லை.

கே: ஸ்டேஷனரி கடை. நான் கணக்குப் பார்த்தால் நஷ்டம் வருகிறது, மனைவி பார்த்தால் லாபம் வருகிறது. யார் கணக்கு சரி? (காரைக்குடி)

ப: அவர் கல்லாவை எண்ணுகிறார், நீங்கள் கடனை எண்ணுகிறீர்கள். சரக்கை இருவரும் எண்ணவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டாக் எடுங்கள். மளிகைக்கும் பால்காரருக்கும் கல்லாவிலிருந்து எடுத்ததைக் கடைச் செலவில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் நஷ்டத்தில் பாதி அங்கேயே சாப்பிட்டு முடித்ததாக இருக்கும். மேல் அலமாரியில் 2019 டைரிகள் அகப்பட்டால் அவற்றைச் சொத்தில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.